கோணல் கடைக்காலுக்கு எத்தனை கன அடி?

குன்றத்தூர்ப் பக்கம் நான்கு மூலையும் நேராக இருக்கிற மனை கிடைப்பது அபூர்வம். மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. அதன் உபரிநீர் ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடி, திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. ஊருக்குள் முருகன் கோயில் குன்று. ஏரிப் பாசனத்துக்காக வாய்க்கால் எங்கெல்லாம் வளைந்ததோ அங்கெல்லாம் வரப்பும் வளைந்தது. பிறகு அந்த வயல்களைப் பிரித்து மனை போட்டபோது, ஓரத்து மனைகள் வரப்பின் கோணலை அப்படியே வாங்கிக்கொண்டன. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வருகிறவர்கள் தங்குவதற்காக இந்த மனைகளில் இன்று லைன் வீடுகள் எழும்புகின்றன. ஒரு கிரவுண்டில் நான்கு குடித்தனம். பக்கத்துச் சுவர் மட்டும் மனையின் கோணலைப் பார்த்துச் சாய்ந்தே போகும்.

அப்படி ஒரு வீட்டுக்கு வானம் தோண்டி முடித்த மாலையில் மேஸ்திரி கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “நாளைக்கு எவ்வளவு ஜல்லி இறக்கச் சொல்லட்டும் சார்?”

எளிய கேள்வி போலத்தான் இருக்கிறது. நீளத்தை அகலத்தால் பெருக்கு, கனத்தால் பெருக்கு, முடிந்தது. ஆனால் தோண்டி வைத்த பள்ளத்தை ஒருமுறை குனிந்து பார்த்தால் எதை நீளம் என்பது, எதை அகலம் என்பது என்றே குழப்பம் வரும். ஓரிடத்தில் களிமண் சரிந்து பள்ளம் வயிறு வைத்திருக்கும். ஓரிடத்தில் பழைய வாய்க்காலின் சேறு கிடைத்ததால் இன்னும் ஓரடி ஆழமாக வெட்டியிருப்பார்கள். குறுக்குச் சுவர் செங்கோணத்தில் வராமல் சாய்வாக வந்து முட்டும். இந்தக் கோணல்மாணலான பள்ளத்துக்குள் எத்தனை கன அடி கான்கிரீட் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும். அதற்கான வழிகள் மனித குலத்தின் மிகப் பழைய கணக்குகளைச் சேர்ந்தவை. அவற்றில் ஒன்று ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டிலேயே, குழி வெட்டும் வேலைக்கென்றே எழுதிவைக்கப்பட்டது.

முதலில் அகலத்தைப் பார்ப்போம். சுவரை ஒட்டி நெடுகப் போகும் அஸ்திவாரத்தின் அகலம் வரைபடம் போடுகிறவரின் விருப்பத்தில் வருவதில்லை. ஓரடி நீளச் சுவர், மேல்தளத்தின் பாரத்தையும் சேர்த்து, 3 டன் எடையைக் கீழே இறக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அடியில் இருக்கும் மண் சதுர அடிக்கு ஒரு டன் பத்திரமாகத் தாங்கும் என்றால் 3 அடி அகலம் வேண்டும். அதே சுவர் சற்றுத் தள்ளி, முக்கால் டன்தான் தாங்கும் மண்ணின் மேல் போனால் 4 அடி வேண்டும். குன்றின் அடிவாரத்தில் கடப்பாரைக்கே பிடிகொடுக்காத இறுக்கமான மண் இருக்கும். ஏரியை நோக்கிப் போகப் போக, கோடையில் வெடித்து மழையில் உப்பும் களிமண். ஒரே தெருவில் இரண்டும் உண்டு. ஆகவே அகலம் இடத்துக்கு இடம் மாறுகிற அஸ்திவாரத்தைக் கொத்தனாரின் பிழை என்று எல்லா நேரமும் சொல்லிவிட முடியாது. மண் கேட்டு வாங்கிய அகலமாகவும் அது இருக்கலாம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. குன்றத்தூரிலிருந்து போரூர் போகிற வழியில் இருக்கும் மௌலிவாக்கத்தில், 2014 ஜூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 61 பேர் இறந்தார்கள். அதன் பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த வட்டாரத்தில் வீடு கட்டுகிற யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். அஸ்திவாரம் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்பதை மண்ணைச் சோதித்துப் பொறியாளர்தான் நிர்ணயிக்க வேண்டும். இந்தக் கட்டுரை பேசுவது அதற்கு அடுத்த கட்டத்தை: நிர்ணயித்து, தோண்டியும் ஆன பள்ளத்தின் கொள்ளளவை.

மூலைகளிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அங்கேதான் ஓர் அழகான உண்மை ஒளிந்திருக்கிறது.

நான்கு சுவர் சேர்ந்து ஒரு வளையமாக வரும் அஸ்திவாரத்தை எப்படி அளப்பது? வெளிப்புறமாக டேப் பிடித்து நான்கு பக்கத்தையும் கூட்டினால் மூலைகளை இரண்டு முறை எண்ணிவிடுவோம். உட்புறமாகப் பிடித்தால் மூலைகளே விட்டுப்போகும். ஆகவே ஒவ்வொரு சுவரின் நடுக்கோட்டையும் எடுத்து, அந்த நடுக்கோடுகளின் மொத்த நீளத்தை அகலத்தால் பெருக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சென்டர் லைன் முறை என்றால் கட்டுமானத் துறையில் எல்லோருக்கும் தெரியும். செவ்வக வீட்டுக்கு இது சரியாக வரும் என்று சுலபமாக நம்பிவிடலாம். ஆனால் மனை கோணலாக இருந்தால்? ஒரு மூலை கூர்மையாகவும் எதிர் மூலை விரிந்தும் இருந்தால்?

அப்போதும் சரியாகத்தான் வரும், துளிகூடப் பிசகாமல். காரணத்தை ஒரு தாளில் வரைந்து பார்க்கலாம். ஒவ்வொரு மூலையையும், உள்மூலையிலிருந்து வெளிமூலைக்கு ஒரு கோடு போட்டு இரண்டாக வெட்டுங்கள். இப்போது ஒவ்வொரு சுவரின் பட்டையும் ஒரு சரிவகம் ஆகிவிட்டது. வெளி விளிம்பும் உள் விளிம்பும் அதன் இணைப் பக்கங்கள். சரிவகத்தின் பரப்பு என்பது இணைப் பக்கங்களின் சராசரியை அவற்றுக்கு இடையிலான தூரத்தால் பெருக்கி வருவது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தச் சராசரி வேறெதுவும் இல்லை, நடுக்கோட்டின் நீளமேதான். மூலை எந்தக் கோணத்தில் திரும்பினாலும் வெளி விளிம்பு எவ்வளவு கூடுகிறதோ உள் விளிம்பு அவ்வளவே குறைகிறது. நான்கு மூலை என்ன, ஏழு மூலை உள்ள மனையாக இருந்தாலும், பட்டையின் அகலம் ஒன்றாக இருக்கும் வரை, மூலைக் கோணத்தைப் பற்றிக் கவலையே பட வேண்டாம். வளைந்து போகும் சுவருக்கும் இது பொருந்தும். அலெக்சாந்திரியாவின் பாப்பஸ் நான்காம் நூற்றாண்டில் சொன்ன ஒரு தேற்றம் இதற்கு உறவு. சுற்றி வரும் ஓர் உருவத்தின் கொள்ளளவை, அதன் மையம் நடந்த தூரத்தைக் கொண்டே சொல்லிவிடலாம் என்கிறது அது. கோணல் மனைக்காரர்கள் மூலைகளைப் பார்த்துப் பயப்படுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பயப்பட வேண்டிய இடம் வேறு.

அந்த இடம் சுவரின் நடுவில் இன்னொரு சுவர் வந்து முட்டும் சந்திப்பு. வெளிச்சுற்றின் நடுக்கோடு 30 அடிக்கு 20 அடி, நடுவில் 20 அடியில் ஒரு குறுக்குச் சுவர், அஸ்திவார அகலம் 3 அடி என்று எடுத்துக்கொள்ளுங்கள். சுற்று 100 அடி, குறுக்கு 20 அடி, மொத்தம் 120. ஆனால் குறுக்குச் சுவரின் நடுக்கோடு ஒவ்வொரு முனையிலும் பெரிய சுவரின் நடுக்கோடு வரை போகிறது. அதாவது பெரிய சுவருக்கென்று ஏற்கெனவே கணக்கில் எடுத்துவிட்ட பட்டைக்குள் ஒன்றரை அடி நுழைந்துவிடுகிறது. இரண்டு முனைக்கும் சேர்த்து 3 அடி கழிக்க வேண்டும். 117 அடியை 3 அடியால் பெருக்கினால் 351 சதுர அடி. சந்தேகம் இருந்தால் வேறு வழியில் சரிபார்க்கலாம். வெளி அளவு 33 பெருக்கல் 23, அதாவது 759. உள்ளே இரண்டு அறைகளின் வெற்றிடம் ஒவ்வொன்றும் 12 பெருக்கல் 17, இரண்டுக்கும் 408. கழித்தால் அதே 351.

குறுக்குச் சுவர் சாய்வாக வந்து முட்டினால் கழிவு அதிகமாகும். 45 பாகையில் வந்தால் ஒன்றரை அடி போதாது, இரண்டு அடிக்குச் சற்று மேலே கழிக்க வேண்டும். அது மட்டுமில்லை. கடைக்கால் மேலே வர வர, 3 அடி கான்கிரீட், அதன் மேல் இரண்டரை அடி கட்டு, அதன் மேல் 2 அடி என்று படிப்படியாகக் குறுகும். அகலம் மாறும்போது கழிவும் படிக்குப் படி மாறும். எஸ்டிமேட்டுகளில் தவறு நுழைவது பெரும்பாலும் இங்கேதான்: அடிப்படியின் கழிவை எல்லாப் படிக்கும் போட்டுவிடுவார்கள்.

இனி வயிறு வைத்த பள்ளத்துக்கு வருவோம். 40 அடி நீளப் பள்ளம். வரைபடத்தில் அகலம் 3 அடி. இரண்டு முனையிலும் அளந்தால் 3 அடி சரியாக இருக்கிறது. நடுவில் களிமண் சரிந்திருக்கிறது. முனையிலிருந்து ஐந்து ஐந்து அடியாக நகர்ந்து, பள்ளத்தின் அடியில் டேப் வைத்து அளக்கிறோம்: 3 அடி, 3 அடி, 3 அடி 3 அங்குலம், 3 அடி 9, 4 அடி 3, 4 அடி, 3 அடி 6, 3 அடி 3, கடைசியில் மறுபடி 3 அடி.

இந்த ஒன்பது அளவுகளை வைத்து என்ன செய்வது? அடுத்தடுத்த இரண்டு அளவுகளுக்கு நடுவில் இருப்பதை ஒரு சிறு சரிவகம் என்று எடுத்துக்கொண்டால், ஒவ்வொன்றின் பரப்பும் அந்த இரண்டு அளவின் சராசரி பெருக்கல் 5 அடி. எட்டுச் சரிவகங்களையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு ஒரு வரியில் அடங்கிவிடுகிறது: நடுவில் இருக்கும் ஏழு அளவுகளையும் முழுதாகக் கூட்டு, முனை அளவுகள் இரண்டிலும் பாதி மட்டும் எடு, மொத்தத்தை 5 அடியால் பெருக்கு. முனை அளவுக்கு ஏன் பாதி? நடுவில் எடுத்த அளவுக்கு இரண்டு பக்கமும் நிலம் உண்டு, முனையில் எடுத்ததற்கு ஒரு பக்கம்தான். நடு அளவுகள் ஏழின் கூட்டல் 25 அடி, முனைகளுக்காக 3 அடி, ஆக 28. ஐந்தால் பெருக்க 140 சதுர அடி. முனைகளை மட்டும் நம்பியிருந்தால் 120 என்று சொல்லியிருப்போம்.

ஒன்பது அளவையும் கூட்டி ஒன்பதால் வகுத்து, அந்தச் சராசரியை 40-ஆல் பெருக்குகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் கிட்டத்தட்ட 138 வரும், ஏனென்றால் முனைகளுக்கு அவற்றின் தகுதிக்கு மேல் மதிப்பு கொடுத்துவிட்டோம். இது பெரிய பிழை இல்லை. பெரிய பிழை வேறு வகையில் வரும். இரண்டு முனையையும் சரியாக நடுமத்தியையும் மட்டும் அளந்து, புத்தகத்தில் படித்த ஒரு நல்ல சூத்திரத்தில் (பின்னால் சிம்ப்சன் பெயரில் வரும்) போட்டால் 153 வரும். சூத்திரத்தின் மேல் குற்றமில்லை. சரிவு மிக அதிகமாக இருந்த ஒரே ஓர் இடத்தை அது பள்ளம் முழுவதற்கும் சாட்சியாக எடுத்துக்கொண்டது. எங்கே அளக்கிறோம், எத்தனை இடத்தில் அளக்கிறோம் என்பதுதான் விடையைத் தீர்மானிக்கிறது.

நம் ஊர் நில அளவையே இப்படித்தான் நடந்தது. பட்டாவோடு வரும் எஃப்.எம்.பி. எனும் புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். கோணலான புலத்துக்குள் ஒரு நேர்க்கோடு ஓடும். அந்தக் கோட்டிலிருந்து எல்லையின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் செங்குத்தாக ஒரு தூரம் குறித்திருப்பார்கள். கோட்டுக்கும் வளைந்த எல்லைக்கும் நடுவே முக்கோணங்களும் சரிவகங்களுமாக நிலம் துண்டுபட்டு, துண்டுகளின் கூட்டல் ஏக்கராகவும் சென்டாகவும் மாறும். சங்கிலி பிடித்து அளந்த அந்தச் சர்வேயர்களின் முறையும், பள்ளத்தின் நடுவே நூல் கட்டி இருபுறமும் டேப் பிடிக்கும் முறையும் ஒன்றே.

செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவும் இதன் உறவுதான். முழு ஆழம் 24 அடி, முழுக் கொள்ளளவு 364.5 கோடி கன அடி என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் செய்தியில் படிக்கிறோம். ஏரிக்கு நேரான கரை கிடையாது, மட்டமான தரையும் கிடையாது. தண்ணீர் இந்த மட்டத்தில் நின்றால் நீர்ப்பரப்பு எவ்வளவு, அதற்கு மேல் மட்டத்தில் எவ்வளவு என்று அடுக்கடுக்காகக் கண்டு, அடுத்தடுத்த இரண்டு பரப்புகளுக்கு நடுவில் இருக்கும் கொள்ளளவைக் கூட்டிக்கொண்டே போனால் முழு ஏரியும் எண்ணாகிவிடும். அளவுகோலில் வாசிக்கும் அடியைக் கன அடியாக மாற்ற அப்படித்தான் அட்டவணை போடுகிறார்கள். வண்டல் படிந்து தரை மேடானால் அட்டவணை பொய்யாகிவிடும். மண் சரிந்தபின் பழைய அளவை வைத்துக்கொண்டு கான்கிரீட் சொல்வதும் இதே தவறுதான்.

அகலம் மட்டும் மாறும் நீண்ட பள்ளத்துக்குச் சராசரி போதும். நீளமும் அகலமும் சேர்ந்து கீழே போகப் போகக் குறுகும் குழிக்கு, சராசரி கை கொடுக்காது. தூண் வரும் இடத்திலும் மூலையிலும் அகலப்படுத்தி, கரை சரியாதபடி நான்கு பக்கமும் சரிவாக வெட்டும் குழிகள் இந்த வகை. இங்கேதான் பிரம்மகுப்தர் வருகிறார். இன்றைய ராஜஸ்தானின் பின்மாலில் வாழ்ந்தவர். கி.பி. 628-இல், தம் 30-ஆவது வயதில், பிரம்மஸ்புட சித்தாந்தம் எழுதினார். பூச்சியத்துக்கு விதி சொன்னவர் என்று அவரைப் பலருக்கும் தெரியும். அதே நூலில் குழிக் கணக்குக்கும் விதி சொல்லியிருக்கிறார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மேலே 3 அடிச் சதுரம், அடியில் ஓரடிச் சதுரம், ஆழம் ஒன்றரை அடி என்று ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். பக்கங்களைச் சராசரி செய்தால் 2 அடி. அதன் வர்க்கம் 4, ஆழத்தால் பெருக்க 6 கன அடி. இது ஒரு விடை. பக்கங்களை விட்டு, பரப்புகளைச் சராசரி செய்தால் 9-க்கும் 1-க்கும் நடுவில் 5 சதுர அடி. ஆழத்தால் பெருக்க ஏழரை கன அடி. இது இன்னொரு விடை. முதலாவது குறைவு, இரண்டாவது மிகை. இரண்டின் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கை முதலாவதோடு கூட்டு, அதுவே நுட்பமான விடை என்கிறார் பிரம்மகுப்தர். வித்தியாசம் ஒன்றரை, அதில் மூன்றில் ஒரு பங்கு அரை, ஆக ஆறரை கன அடி. இன்றைய வடிவியலில் எந்தச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தாலும் ஆறரைதான் வரும். தோராய விடை இரண்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு தவறு என்று தெரிந்து, அந்தத் தவறுகளைக் கொண்டே சரியான விடையைப் பிடிப்பது எவ்வளவு பெரிய சிந்தனை!

அந்த விதியை விரித்து எழுதினால், மேற்பரப்பு, அடிப்பரப்பு, நடுப்பரப்பின் நான்கு மடங்கு ஆகிய மூன்றையும் கூட்டி, ஆறால் வகுத்து, ஆழத்தால் பெருக்குவதாக மாறும். வானியலாளர் கெப்ளர் 1615-இல் திராட்சை மதுப் பீப்பாய்களின் கொள்ளளவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தம் இரண்டாவது திருமணத்துக்கு மது வாங்கியபோது, வியாபாரி ஒரு கோலை உள்ளே விட்டுப் பார்த்து விலை சொன்னது அவரை உறுத்தியதுதான் அந்த நூலுக்குக் காரணம். பீப்பாய்க்கு அவர் கண்ட விதியும் இதே வடிவம். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் சிம்ப்சன் பெயரில் இது பாடப்புத்தகங்களுக்குள் நுழைந்தது. இன்று பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கும் மாணவர்கள் மண்வேலைக் கணக்குக்கு இதைப் படிக்கிறார்கள். 1150-இல் லீலாவதி எழுதிய பாஸ்கரரும் குழிக்கென்று தனிப் பகுதி வைத்து, மேடுபள்ளமான குழியைப் பல இடத்தில் அளந்து சராசரி எடு என்றே தொடங்குகிறார்.

நம் 140 சதுர அடிப் பள்ளத்தையும் இந்தச் சிம்ப்சன் விதியில், ஒன்பது அளவையும் கொண்டு, போட்டுப் பார்க்கலாம். அதே 140 வருகிறது. இப்படிக் கச்சிதமாகப் பொருந்துவது இந்த எண்களின் தற்செயல். ஆனால் ஐந்தடிக்கு ஓர் அளவு எடுத்துவிட்டால் இரண்டு முறைக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்காது. மண்வெட்டி வெட்டிய விளிம்புக்குச் சரிவக முறையே தாராளமாகப் போதும்.

ஆனால் நான் கண்டவரை, பணத்தைத் தின்பது அகலத்தைவிட ஆழம்தான். அடியில் போடும் கம்பியில்லாக் கான்கிரீட்டின் (பி.சி.சி.) கனம் 6 அங்குலம். பள்ளத்தின் தரை சராசரியாக ஓர் அங்குலம் கூடுதலாக இறங்கியிருக்கிறது. ஓர் அங்குலம் யார் கண்ணில் படும்? ஆனால் 6 அங்குலத்தில் ஓர் அங்குலம் என்பது ஆறில் ஒரு பங்கு. 40 அடி நீளத்தில் ஓர் அங்குலம் தவறினால் கணக்கு அசையாது, கனத்தில் தவறினால் ஆறு மூட்டை சிமெண்டில் ஒரு மூட்டை போய்விடும். மெல்லிய பொருளை அளக்கும்போது அதன் மெல்லிய பக்கத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். வரைபடப்படி 120 சதுர அடியில் 6 அங்குலம் போட்டால் 60 கன அடி. உண்மையில் இருப்பது 140 சதுர அடியில் 7 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 82 கன அடி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். கண்ணில் பட்டது கொஞ்சம் களிமண் சரிவும் ஓர் அங்குல இறக்கமும் மட்டுமே.

ஆழத்தை அளக்க ரசமட்டம் போதாது. இரண்டு முனையிலும் முளை அடித்து, டியூப் மட்டம் பிடித்து ஒரே மட்டத்தில் நூல் கட்டி, நூலிலிருந்து தரைக்கு ஐந்தடிக்கு ஒருமுறை அளக்க வேண்டும். தண்ணீர் நிரம்பிய ஒரு டியூப் குழாய் எத்தனை திருப்பம் சுற்றிப் போனாலும் இரு முனையிலும் ஒரே மட்டம் காட்டும். குன்றின் சரிவில் கட்டுகிறவர்கள் தரையைச் சாய்வாக விடாமல் படிப்படியாக வெட்டுவார்கள். மேல்படியின் கான்கிரீட் கீழ்ப்படியின் மேல் கொஞ்சம் ஏறி அமர வேண்டும், குறைந்தது கான்கிரீட்டின் கனம் அளவுக்காவது. அந்த மேலேறிய பகுதி தரையில் நடந்து அளக்கும் நீளத்தில் வராது. தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

82 கன அடி என்று தெரிந்துவிட்டது. இப்போது எவ்வளவு சாமான் வாங்குவது? 82 கன அடி பள்ளத்துக்கு 82 கன அடி சாமான் போதாது. ஒரு சட்டி ஜல்லியையும் ஒரு சட்டி மணலையும் கலந்து பாருங்கள், இரண்டு சட்டி வராது. ஜல்லிக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஏறக்குறைய நாற்பது சதவீதம் வெற்றிடம், மணல் அதற்குள் இறங்கிவிடுகிறது. மணலின் இடுக்குகளில் சிமெண்டும் தண்ணீரும் இறங்குகின்றன. ஆகவே 100 கன அடி கெட்டிக் கான்கிரீட்டுக்கு உலர்ந்த சாமானாகச் சுமார் 154 கன அடி வேண்டும் என்பது நம் ஊர்க் கணக்கில் நெடுநாள் பழக்கம். ஒன்றுக்கு நாலுக்கு எட்டு கலவை என்றால் நம் பள்ளத்துக்குச் சுமார் 8 மூட்டை சிமெண்ட், 39 கன அடி மணல், 77 கன அடி ஜல்லி. வரைபடத்தை நம்பியிருந்தால் 6 மூட்டையோடு நின்றிருப்போம்.

    

மணலில் இன்னொரு மாயம் உண்டு. உலர்ந்த மணலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் அதன் கன அளவு கூடிவிடும். ஒவ்வொரு மணிக்கும் மேலே மெல்லிய நீர்ப்படலம் ஒட்டி, அடுத்த மணியைத் தள்ளி நிறுத்துகிறது. ஐந்து சதவீத ஈரத்திலேயே கால் பங்கு வரை உப்பும். இன்னும் தண்ணீர் ஊற்றி முழுக நனைத்தால் படலம் கலைந்து, மணல் மறுபடி பழைய அளவுக்கு அமர்ந்துவிடும். ஒரு கண்ணாடி டம்ளரில் ஈரமணலை நிரப்பி, மேல்மட்டத்தைக் குறித்துவிட்டு, தண்ணீர் ஊற்றிக் குச்சியால் கிளறிப் பாருங்கள். மட்டம் கண்ணெதிரே இறங்கும். எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு காற்றுக்கு விலை கொடுத்திருக்கிறீர்கள். மழைநாளில் கன அடிக் கணக்கில் மணல் வாங்குகிறவர்களும், பெட்டியால் அளந்து கலவை போடுகிறவர்களும் இந்தச் சோதனையை அவசியம் செய்ய வேண்டும். ஈரமணலை உலர்ந்த மணல் என்று எண்ணிப் போட்டால் கலவையில் மணல் குறைந்து, ஜல்லிக்கு நடுவில் பொந்து விழும். ஐந்து சதவீதக் காற்றுப் பொந்து இருந்தாலே கான்கிரீட்டின் வலிமையில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும்.

பெரிய கட்டடம் என்றால் ரெடிமிக்ஸ் வரும். ஒரு லாரியில் பொதுவாக 6 கன மீட்டர், நம் கணக்கில் சுமார் 212 கன அடி. பிளாண்டில் ஏற்றிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். கால் லாரி குறைந்துபோனால் இன்னொரு லாரி ஒரகடம் சாலை நெரிசலைத் தாண்டி வருவதற்குள் முதலில் ஊற்றியது இறுகத் தொடங்கிவிடும். பழையதும் புதியதும் சேரும் இடத்தில் ஒட்டாத தையல் விழும். நெடுக ஓடும் அஸ்திவாரத்துக்கு அது நிரந்தரப் பலவீனம். கூடுதலாகச் சொல்லிவிட்டால் மிச்சத்தை எங்காவது காலி மனையிலோ வாய்க்கால் கரையிலோ கொட்டிவிட்டுப் போகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. வந்து சேர்ந்த அளவு சரிதானா என்று பார்க்கவும் வழி உண்டு. ஒரு கன மீட்டர் புதுக் கான்கிரீட் ஏறக்குறைய 2,400 கிலோ. நிறைந்த லாரியையும் காலி லாரியையும் எடை மேடையில் ஏற்றினால், 6 கன மீட்டருக்கு 14 டன்னுக்கு மேல் வித்தியாசம் காட்ட வேண்டும்.

வீடு கட்டப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் மாலை, மேஸ்திரியையும் கூட வைத்துக்கொண்டு ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துப் பள்ளத்துக்குள் இறங்குங்கள். அகலத்தை மேலே அளக்காமல் அடியில் அளங்கள். ஐந்தடிக்கு ஓர் அகலம், ஓர் ஆழம் எழுதுங்கள். இரவு மழை பெய்தால் காலையில் மறுபடி அளங்கள். உதிர்ந்து கிடக்கும் மண்ணை அள்ளி வெளியே போடச் சொல்லுங்கள், கான்கிரீட்டால் அதை மூட விடாதீர்கள். போட்டு முடித்தபின் எத்தனை மூட்டை சிமெண்ட் செலவானது என்று அதே பக்கத்தில் குறித்துவையுங்கள். கணக்குக்கும் செலவுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் அன்றைக்கே கேளுங்கள், மண் மூடியபின் கேட்டுப் பயனில்லை. அந்த நோட்டைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பத்து வருடம் கழித்து மேலே ஒரு மாடி எழுப்ப நினைத்துப் பொறியாளரைக் கூப்பிட்டால், அவர் கேட்கும் முதல் கேள்வி அஸ்திவாரம் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்பதாகத்தான் இருக்கும்.